ஊரணியின் அடிமண்

சேசு மரி சூசை துணை

சென்னை
12-2-1961

அன்புத் தங்கை ஞானமணிக்கு அண்ணன் சந்தனராஜ் எழுதுவது. நான் சுகம். நீயும் மாப்பிள்ளை குழந்தைசாமியும் என் மருமகள் ஜெபமாலையும் நோய்நொடியில்லாமல் இருக்க சர்வேசுரனை வேண்டிக்கொள்கிறேன்.

காலேஜில் பிள்ளைகளுக்குச் செய்முறை காட்டுகிற டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை அப்படியே ஓடுகிறது. ஆராய்ச்சிக்கும் பதிவு செய்துவிட்டேன். எதைப் பற்றி என்று சொன்னால் சிரிப்பாய். அமீபா. கண்ணுக்குத் தெரியாத ஒற்றை உயிரணு. கை கால் கிடையாது. போக வேண்டிய பக்கம் உடம்பையே நீட்டிக்கொண்டு நகரும். எல்லா உயிர்களுக்கும் மூத்த பாட்டன் அதுதான் என்று நம் பாடப் புத்தகங்களில் இருக்கும். என் பேராசிரியர் அதை ஒப்புக்கொள்வதில்லை. அமீபா என்பது ஒரு குலத்தின் பெயரல்ல, ஓர் உருவத்தின் பெயர் என்கிறார். சாட்டை மாதிரி இழையை வீசி நீந்துகிற உயிர்கள்தான் மூத்தவை. அவற்றில் வெவ்வேறு வம்சங்கள் வெவ்வேறு காலத்தில் சாட்டையைப் போட்டுவிட்டு இந்த உருவத்துக்கு வந்து சேர்ந்தன என்பது அவர் கட்சி. சில அமீபாக்களைத் தெளிந்த நீரில் விட்டால் இன்றைக்கும் இழை முளைத்து நீந்துமாம். அப்படி ஒன்றை நம் ஊர் மண்ணில் பிடித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஊரணிக் கரை மண்ணைக் காயவைத்து, ஒரு பிடி, காகிதத்தில் மடித்துக் கடிதத்தோடு அனுப்பு. காய்ந்த மண்ணில் அவை கூடு கட்டித் தூங்கும். தண்ணீர் விட்டால் எழுந்துவிடும்.

உன் அண்ணன்,
சந்தனராஜ்


சேசு மரி சூசை துணை

சவேரியார்பட்டி, ஆவூர் வழி
14-3-1961

மரியாதைக்குரிய அண்ணனுக்குத் தங்கை ஞானமணியின் தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம். மெட்ராஸ் ஓட்டல் சாப்பாடு உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?

மண் அனுப்பியிருக்கிறேன். தபால்காரர் உறையைத் தடவிப் பார்த்து, "என்னம்மா, மெட்ராசுல மண்ணுகூட இல்லையா?" என்று கேட்டார். உங்கள் மாப்பிள்ளையோ, "பெரிய படிப்புப் படிக்கப் போயி கடைசில நம்ம ஊரணிச் சேத்துலதான் வந்து விழுந்திருக்காரு" என்று இரண்டு நாள் சிரித்தார்.

நீங்கள் எழுதியதை எனக்குத் தெரிந்த மாதிரி புரிந்துகொண்டேன். நம் கோயில் பங்கில் ஆரோக்கியம் என்ற பெயரில் ஆறு பேர் இருக்கிறார்கள். பெயர் ஒன்று என்பதற்காக ஆறு பேரும் ஒரு தாய் மக்களா? அப்படித்தானே?

ஒரு சந்தேகம். சீதபேதிக்கு அமீபாதான் காரணம் என்று மருந்துக் கடையில் பேசிக்கொள்கிறார்கள். ஜெபமாலை பள்ளிக்கூடம் விட்டால் ஊரணியில்தான் கிடக்கிறாள். முங்கினால் ஐம்பது எண்ணும் வரை வெளியே வரமாட்டாள். இந்த வருஷம் அவளுக்குப் புதுநன்மை. முதல்முதலாக நற்கருணை வாங்கப்போகிற பிள்ளைக்கு ஏதாவது வந்துவிடக் கூடாதே என்று பயமாயிருக்கிறது. அவளை இறங்கவிடலாமா? பதில் எழுதுங்கள்.

தங்கை,
ஞானமணி


சேசு மரி சூசை துணை

சென்னை
9-4-1961

தங்கை ஞானமணிக்கு அண்ணனின் ஆசீர். என் வயிறு கல்லையும் செரிக்கிறது, கவலைப்படாதே. உங்கள் மூவர் சுகத்தையும் எழுது.

உன் ஆறு ஆரோக்கியத்தைப் பேராசிரியரிடம் சொன்னேன். மேசையைத் தட்டிச் சிரித்தார். அடுத்த வகுப்பில் அதையே சொல்லிப் பாடம் நடத்திவிட்டார்.

உன் சந்தேகத்துக்கு வருகிறேன். சீதபேதி கொடுப்பது குடலில் வாழ்கிற அமீபா. ஊரணியில் இருப்பது முற்றிலும் வேறு வம்சம். இரண்டுக்கும் கொண்டான் கொடுத்தான் உறவுகூடக் கிடையாது. ஊரணி அமீபா சேற்றில் இருக்கும் பாக்டீரியாவைத் தின்று பிழைக்கும். மனிதரைத் திரும்பியும் பார்க்காது. குடிக்கிற தண்ணீரை மட்டும் காய்ச்சிக் குடியுங்கள். மற்றபடி பிள்ளையைத் தாராளமாக முங்கச் சொல். நான் பொறுப்பு.

நீ அனுப்பிய கரை மண்ணில் நான் தேடியது கிடைக்கவில்லை. மாடும் சலவையும் கரையைக் கலக்கிவிடுகின்றன. நடு ஊரணியில், அடியில் கிடக்கும் சேறு வேண்டும். தண்ணீரோடு வேண்டும். சித்திரை வெயிலில் நன்றாகச் சூடேறிய பிறகு எடுத்தால் நல்லது. மருமகள்தான் இருக்கிறாளே. ஒரு டானிக் பாட்டிலைக் கழுவிக் கொடுத்து முங்கச் சொல். அடிக்குப் போன பிறகு மூடியைத் திறந்து சேற்றை அள்ளட்டும். மாமா கேட்டார் என்று சொல், மாட்டேன் என்று சொல்லமாட்டாள்.

அண்ணன்,
சந்தனராஜ்


சேசு மரி சூசை துணை

சவேரியார்பட்டி
4-5-1961

அண்ணனுக்குத் தோத்திரம். இங்கே வெயிலைத் தவிர வேறு குறையில்லை. உங்கள் சுகம் அறிய ஆவல்.

பாட்டில் பார்சலில் வருகிறது. நேற்று மத்தியானம் எடுத்தோம். ஊரணி முக்கால்வாசி வற்றிவிட்டது. நடுவில் ஓர் ஆள் ஆழம் இருக்கிறது, கை வைத்தால் வெந்நீர். உங்கள் மருமகள் மூன்று தடவை முங்கினாள். முதல் தடவை மூடி திறக்கவில்லை. இரண்டாம் தடவை வெறும் தண்ணீர். மூன்றாம் தடவைதான் சேறு வந்தது. அடியில் தலைகீழாக நின்றுகொண்டு அள்ளினாளாம். மூக்கில் தண்ணீர் ஏறி அரை மணி நேரம் தும்மித் தீர்த்தாள். "போதும்டி, ரெண்டாவது தடவையே வந்திருக்கலாம்ல" என்று அதட்டினேன். "மாமா பரீட்சைல பாசாக வேணாமா ஆத்தா?" என்கிறாள்.

புதுநன்மை இருபத்தொன்றாம் தேதி ஞாயிறு. உறவுமுறை எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. தினமும் மூன்று மைல் நடந்து கோயிலுக்கு ஞானோபதேச வகுப்புக்குப் போய் வருகிறாள். வெள்ளைக் கவுன் தைத்து வந்துவிட்டது. நீங்கள் வராமல் இருந்துவிடாதீர்கள்.

ஞானமணி


சேசு மரி சூசை துணை

சென்னை
11-5-1961

என் அருமைத் தங்கைக்கு,

சுகம் விசாரிக்கக்கூடப் பொறுமையில்லை. கிடைத்துவிட்டது! உன் பாட்டில் சேற்றிலிருந்து பிரித்த அமீபாவைச் சுத்தமான நீரில் விட்டேன். இரண்டு மணி நேரம் மைக்ராஸ்கோப்பை விட்டுக் கண் எடுக்கவில்லை. மெல்ல உருண்டது, பேரிக்காய் மாதிரி ஒரு பக்கம் கூம்பியது, இரண்டு இழை முளைத்தது, நீந்திப் போய்விட்டது. மறுநாள் பார்த்தால் மறுபடி அமீபா. நீந்துகிறவை ஒரு குடும்பம், ஊர்கிறவை இன்னொரு குடும்பம் என்று நாங்கள் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறோம். இதுவோ இரண்டு வீட்டிலும் வளைய வருகிறது. பேராசிரியர் என் தோளில் கை போட்டார். கட்டுரை எழுதச் சொல்லிவிட்டார்.

இதெல்லாம் ஜெபமாலை அள்ளித் தந்தது. அவளுக்கு வெள்ளிச் சிலுவை வாங்கி வைத்திருக்கிறேன். புதுநன்மைக்கு நானே கொண்டு வந்து கழுத்தில் போடுவேன். அதுவரை அவளைக் கட்டிக்கொண்டு ஒரு முத்தம் கொடு.

சந்தனராஜ்


சவேரியார்பட்டி
18-6-1961

அண்ணனுக்கு,

நீங்கள் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தது தெரிந்தது. முத்தம் கொடுக்கச் சொன்ன கடிதம், பிள்ளையைப் புதைத்த மறுநாள் வந்தது. நீங்கள் துக்கத்துக்கு வந்திருந்தபோது நடந்ததைச் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலையில், "ஆத்தா, தல வலிக்குது, இன்னைக்கு வகுப்புக்குப் போகல" என்றாள். முகம் வாடித்தான் இருந்தது. வகுப்பு தவறினால் புதுநன்மை தள்ளிப்போய்விடுமோ என்று எனக்குப் பயம். "வெறும் வெயில் சூடுதான், போயிட்டு வா" என்று அனுப்பினேன். தயங்கி நின்றாள். முதுகில் கை வைத்துத் தள்ளினேன் அண்ணே. அடிக்கவில்லை, தள்ளினேன். மத்தியானம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காய்ச்சல், வாந்தி, கழுத்தை வளைக்க முடியவில்லை. புதன்கிழமை என்னை யார் என்று கேட்டாள். புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் மூளைக்காய்ச்சல் என்றார். வெள்ளிக்கிழமை விடியலில் முடிந்துவிட்டது. அந்த வெள்ளைக் கவுனை உடுத்தித்தான் அடக்கம் செய்தோம்.

குழி மேட்டில் எல்லோர் முன்னாலும் உங்கள் மாப்பிள்ளை சொன்னார்: "தலவலின்னு சொன்ன புள்ளைய வெயில்ல தொரத்துனவ இவ." அதன் பிறகு என்னோடு பேசவில்லை. அவர் சொன்னதில் என்ன பொய் இருக்கிறது? மூன்று மைல் வெயிலில் நான்தானே அனுப்பினேன்.

உங்கள் ஆராய்ச்சி நன்றாக நடக்கட்டும். பிள்ளைக்கு அதுதான் ஆசை.

ஞானமணி


சென்னை
28-8-1966

அன்புத் தங்கை ஞானமணிக்கு,

உன் சுகமும் மாப்பிள்ளை சுகமும் சின்னவன் அடைக்கலத்தின் சுகமும் அறிய ஆவல். மூன்று வயதுப் பிள்ளை இந்நேரம் வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருப்பான். விரிவுரையாளர் வேலையில் பேச்சு அதிகம், தூக்கம் குறைவு. வேறு விசேஷமில்லை.

ஒரே ஒரு விஷயம். ஊரணியில் இனி யாரும் முங்கிக் குளிக்க வேண்டாம். அடைக்கலத்தை இறக்கவே இறக்காதே. மற்றப் பிள்ளைகளிடமும் சொல். கோடையில் தண்ணீர் சூடாக இருக்கும்போது மூக்கில் ஏறக் கூடாது. கிணற்றில் இறைத்து ஊற்றிக்கொள்ளட்டும். பயப்படும்படி ஒன்றுமில்லை. பத்திரிகையில் என்னவோ படித்தேன், அதனால் எழுதுகிறேன்.

சந்தனராஜ்


சவேரியார்பட்டி
6-11-1966

அண்ணனுக்குத் தோத்திரம். அடைக்கலம் சுகம். நான் இருக்கிறேன்.

புதன்கிழமை கல்லறைத் திருநாள். ஜெபமாலை குழியில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். உங்கள் மாப்பிள்ளை பத்தடி தள்ளி நின்றார். ஐந்து வருஷமாக அப்படித்தான். இன்னொரு பிள்ளை பிறந்தும் என் பெயர் அவர் வாயில் வரவில்லை. சோறு வேண்டுமென்றால் "இந்தா" என்பார். முகத்தைப் பார்க்கமாட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் என் மாமியார் "வகுப்புக்குத் தொரத்தின கதை"யைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார். நானும் மறுத்துப் பேசுவதில்லை.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். பிறகு பெட்டியைத் திறந்து உங்கள் பழைய கடிதத்தையும் எடுத்துப் படித்தேன். "தாராளமாக முங்கச் சொல், நான் பொறுப்பு" என்று எழுதியவர் இன்று மூக்கில் தண்ணீர் ஏறக் கூடாது என்கிறீர்கள். அண்ணே, நான் எட்டாவதுதான் படித்தவள். ஆனால் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தெரியும். என்ன படித்தீர்கள்? மறைக்காமல் எழுதுங்கள்.

ஞானமணி


சென்னை
19-3-1967

ஞானமணிக்கு,

நாலு மாதமாகப் பதில் எழுதாததற்கு மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. நீ கேட்டாய், சொல்கிறேன்.

போன ஜூலையில் லைப்ரரிக்கு வந்த மருத்துவப் பத்திரிகைகளில் படித்தேன். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் சில பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். நல்ல ஆரோக்கியமான பிள்ளைகள். சூடான ஏரித் தண்ணீரில் நீந்தியவர்களும் உண்டு. சில நாளில் தலைவலி, வாந்தி, கழுத்துப் பிடிப்பு, நினைவு தப்புதல், ஒரு வாரத்தில் மரணம். மூளையில் அமீபா இருந்தது. மூக்கு வழியாக ஏறியிருக்கிறது. குடல் அமீபா அல்ல. தண்ணீரிலும் மண்ணிலும் தானாக வாழ்கிற அமீபா. எந்த வகை என்று இன்னும் வாதம் நடக்கிறது. அதில் போட்டிருந்த படத்தைப் பார்த்தேன். அது நான் ஆறு வருஷமாக வரைந்துகொண்டிருக்கிற படம்.

மே மூன்றாம் தேதி முங்கினாள். எட்டாம் தேதி தலைவலி. பன்னிரண்டாம் தேதி போய்விட்டாள். இதை யாராலும் இனி நிரூபிக்க முடியாது. எனக்கு நிரூபணம் தேவையுமில்லை.

குடல் அமீபாவுக்கும் ஊரணி அமீபாவுக்கும் உறவில்லை என்று எழுதினேன். அது இன்றைக்கும் சரிதான். உறவில்லை, ஆகவே தீங்குமில்லை என்று முடிவு கட்டினேன் பார், அங்கேதான் என் படிப்பு என்னை ஏமாற்றியது. வெவ்வேறு வம்சங்கள் தனித்தனியாக ஒரே உருவத்துக்கு வந்து சேரும் என்று பக்கம் பக்கமாக எழுதியவன் நான். வெவ்வேறு வம்சங்கள் தனித்தனியாகக் கொல்லவும் கற்றுக்கொள்ளும் என்று யோசிக்கவில்லை. அந்தக் கட்டுரைதான் எனக்கு வேலை வாங்கித் தந்தது.

நீ அனுப்பிய மூன்று மைல் அவளைக் கொல்லவில்லை. வீட்டில் படுக்க வைத்திருந்தாலும் பிழைத்திருக்கமாட்டாள். நான் கேட்ட ஒரு பாட்டில் சேறுதான் கொன்றது. இதைத் தெரிந்துகொண்ட வாரமே கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் மன்னிப்பு அளித்தார். ஆனாலும் உனக்கு எழுத உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை. உன் அண்ணனாக இல்லாமல் போய்விடுவேனோ என்ற பயம்தான். வேறு காரணமில்லை.

சந்தனராஜ்


சவேரியார்பட்டி
23-4-1967

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒரு மாதம் யோசித்து எழுதுகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் எழுதியது தெரியாமல் எழுதியது. அந்தப் பத்திரிகைக்காரர்களுக்கே அன்று தெரியாது. அதற்காக உங்களை ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். பாட்டிலைக் கழுவிக் கொடுத்தவள் நான். அழுதேன், நிறைய அழுதேன், ஆனால் உங்கள் மேல் கோபம் வரவில்லை.

கோபம் வேறு இடத்தில் வருகிறது. போன ஆடியிலிருந்து இந்தப் பங்குனி வரை உங்களுக்குத் தெரியும். நடுவில், என்ன படித்தீர்கள் என்று வாய்விட்டுக் கேட்டேன். அந்தக் கடிதம் உங்கள் மேசையில் நாலு மாதம் கிடந்தது. அந்த நாலு மாதமும் நான் இந்த வீட்டில் பிள்ளையைக் கொன்றவளாகத்தான் சோறு பொங்கினேன். நீங்கள் ஒரு கார்டு போட்டிருந்தால் அன்றைக்கே அது தீர்ந்திருக்கும். சாமியார் மன்னித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். செத்தது சாமியார் வீட்டுப் பிள்ளையா?

ஊரணித் துறையில் முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டோம். கேட்டவர்களிடம் அண்ணன் எழுதியிருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். உங்கள் மாப்பிள்ளையிடம் நான் எதுவும் சொல்லவில்லை. என் வாயால் சொன்னால் தப்பிக்கப் பார்க்கிறேன் என்றுதான் நினைப்பார். எனக்கு எழுதியதை அவருக்கு எழுதுங்கள். நான் இவ்வளவுதான் கேட்கிறேன்.

ஞானமணி


சவேரியார்பட்டி
14-5-1967

மச்சான் அவர்களுக்கு குழந்தைசாமி எழுதிக்கொண்டது. உங்கள் கடிதம் வந்தது. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நீங்கள் எழுதிய கிருமி விவரம் முழுக்கப் புரியவில்லை. வெயிலில் நடந்தாலும் நடக்காவிட்டாலும் பிள்ளை பிழைத்திருக்காது என்பது புரிந்தது. உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. வருத்தப்பட எனக்கு யோக்கியதை இல்லை. அது ஏன் என்று சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

திங்கட்கிழமைக்கு முந்தின நாள் சாயங்காலமே பிள்ளை என்னிடம் வந்தது. நான் கிணற்றடியில் மாடு கழுவிக்கொண்டிருந்தேன். "அப்பா, மண்ட பொளக்குதுப்பா" என்றது. அங்கேயே வாந்தி எடுத்தது. நான்தான், "ஆத்தாகிட்ட சொல்லாத. சொன்னா நாளைக்கு வகுப்புக்கு விடமாட்டா. ஒறவுமொற அம்புட்டுப் பேருக்கும் சொல்லியாச்சு, புதுநன்மை நின்னா அசிங்கமாப் போயிரும்" என்று சொல்லி வாயைக் கழுவிவிட்டேன். சரி என்று தலையை ஆட்டியது. நான் சொன்னதற்காக ராத்திரி முழுக்கப் பொறுத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. காலையில் தாங்க முடியாமல்தான் அவளிடம் சொல்லியிருக்கும். வாந்தி எடுத்தது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அனுப்பியிருக்கமாட்டாள்.

குழி மேட்டில் எல்லோரும் எப்படி எப்படி என்று என்னைக் கேட்டார்கள். பயத்தில் அவள் மேல் சொல்லிவிட்டேன். ஒரு தடவை சொன்னதைத் திரும்ப வாங்க முடியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் கிணற்றடிதான் ஞாபகம் வருகிறது, அதனால்தான் பார்ப்பதில்லை. நான் கோபத்தில் இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்களும் சொல்லக் கூடாது. மாதா மேல் ஆணை. நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
குழந்தைசாமி


சென்னை
17-5-1967

ஞானமணிக்கு,

இதோடு இருப்பது மாப்பிள்ளை எனக்கு எழுதிய கடிதம். உன்னிடம் சொல்லக் கூடாது என்று மாதா மேல் ஆணையிட்டிருக்கிறார். அதை மீறிய பாவம் என்னோடு போகட்டும். முதலில் உட்கார்ந்துகொள். பக்கத்தில் யாரும் இல்லாதபோது படி. படித்த பிறகு அவரிடமோ என்னிடமோ நீ பேச வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன்.

கடிதம் இன்று காலைத் தபாலில் பத்து மணிக்கு வந்தது. இப்போது மணி பத்தரை. தபாலாபீசில் நின்றுகொண்டு இதை எழுதுகிறேன்.

சந்தனராஜ்